ஜப்பான் சின்னக் கம்பெனி ரெஸ்லிங்: ஒரு ஷோவை முழுசாக உட்கார்ந்து பார்ப்பது எப்படி

தங்கச்சிமடத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைச் சுவரில் ஒரு டிவி உண்டு. மத்தியானத்துக்கு மேல் அதில் ஜப்பான் ரெஸ்லிங் ஓடும். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவு கொடுத்த பிறகும் போகாமல் நின்று பார்க்கிறார்கள். "இதை வீட்டுல எப்படிக்கா போடுறது, எதிலிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

முதலில் ஒன்று. செல்போனில் துண்டு துண்டாக வருகிறதே, ஒருவன் டியூப் லைட் மேல் விழுகிறான், இன்னொருவன் பொம்மையோடு சண்டை போடுகிறான், அதை வைத்து இந்த ஆட்டத்தை எடை போடாதீர்கள். ஒரு ஷோவில் ஆறேழு மேட்ச் இருக்கும். அந்த ஆறேழும் சேர்ந்துதான் ஒரு சாமான். தனித்தனியாகப் பிரித்தால் எதுவும் நிற்காது.

நான் பிறந்தது உச்சிப்புளிப் பக்கம். எங்கள் ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் வைத்தால், முதலில் பபூன் வந்து சிரிக்க வைப்பார். அப்புறம் டான்ஸ், அப்புறம் நாரதர். விடியப் போகிற நேரத்தில்தான் வேலனும் வள்ளியும் தர்க்கத்துக்கு வருவார்கள். வள்ளி முருகனைத்தான் கட்டப் போகிறாள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் தர்க்கம் முடியாமல் ஒருவரும் பாயைச் சுருட்ட மாட்டார்கள். ஜப்பான் ஷோவும் இந்தக் கணக்குத்தான். யார் ஜெயிப்பது என்பது முன்னாலேயே பேசி வைத்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் அந்த ஊர்க்காரர்களும் டிக்கெட் எடுத்து வந்து உட்காருகிறார்கள். பேசி வைத்தது முடிவை மட்டும்தான். அடியும் விழுவதும் உடம்பில்தான் நடக்கிறது.

எதைப் போடுவது, எப்போது போடுவது

ஜப்பானில் நியூ ஜப்பான், ஆல் ஜப்பான் என்று இரண்டு பழைய பெரிய கம்பெனிகள், இரண்டும் 1972ல் தொடங்கியவை. நான் சொல்ல வருவது அவற்றைப் பற்றி அல்ல. அவற்றுக்கு வெளியே டஜன் கணக்கில் சின்னக் கம்பெனிகள் இருக்கின்றன. டோக்கியோவில் ஷின்-கிபா ஃபர்ஸ்ட் ரிங் என்ற இடத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும். அப்படிப்பட்ட இடங்களில் நடத்துகிறவர்கள் இவர்கள். பல கம்பெனிகளில் முதலாளியே ரிங்கில் இறங்கிச் சண்டை போடுவார். சண்டை போட்ட ஆளே வெளியே மேசை போட்டு டி-ஷர்ட்டும் விற்பார்.

காசு செலவில்லாமல் ஆரம்பிக்க வேண்டும் என்றால் சோக்கோப்ரோவைப் போடுங்கள். எமி சகுரா என்ற மூத்த வீராங்கனை 2020 மார்ச்சில், கொரோனா சமயத்தில், யூடியூபில் இலவசமாகத் தொடங்கியது. இடம் டோக்கியோவில் இச்சிகயா சாக்லேட் ஸ்கொயர். ரிங் கிடையாது, கயிறு கிடையாது, ஓர் அறையில் மேட் விரித்திருப்பார்கள், அவ்வளவுதான். கார்னர் கம்பத்துக்குப் பதிலாக ஜன்னல் திட்டில் ஏறிக் குதிப்பார்கள். அந்தச் சின்ன அறைக்குள் ஒருவர் இன்னொருவரின் கையை எப்படிப் பிடிக்கிறார், எப்படி மடக்குகிறார் என்பது கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். நம் நாட்டுக்காரர் பாலியான் அக்கி அங்கே பேர் வாங்கிய ஆள். மெய் சுருகா என்ற பெண்ணோடு ஜோடி சேர்ந்து டேக் சாம்பியனாக இருந்தவர். எமி சகுராவிடம் பழகிய ரிஹோ 2019ல் அமெரிக்காவின் ஏ.ஈ.டபிள்யூ. கம்பெனிக்கு முதல் பெண்கள் சாம்பியன் ஆனார். அந்தச் சின்ன அறையை நடத்துகிறவரின் கைவேலை எப்படிப்பட்டது என்பதற்கு அது ஒன்று போதும்.

அடுத்து டி.டி.டி. 1997ல் தொடங்கிய கம்பெனி. அதற்கும் அதன் தங்கைக் கம்பெனியான டோக்கியோ ஜோஷிக்கும் ரெஸில் யுனிவர்ஸ் என்ற சந்தா தளம் இருக்கிறது. கட்டுவதற்கு முன் உங்கள் பேங்க் ஆப்பில் போய் டெபிட் கார்டுக்கு வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையை ஆன் செய்துவிடுங்கள். நம் பேங்குகள் அதை அணைத்துத்தான் கார்டு கொடுக்கின்றன. சந்தா கட்டி முடித்ததும் மறுபடி அணைத்து வைப்பது நல்லது. அன்றைய மேட்ச் பட்டியல் (அதைக் கார்டு என்பார்கள்) ஜப்பான் எழுத்தில்தான் இருக்கும். செல்போன் கேமராவைக் காட்டினால் கூகுள் லென்ஸ் படித்துச் சொல்லிவிடும்.

ஜப்பான் நேரம் நம் நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் வருஷம் முழுக்க இதே கணக்கு. அங்கே சாயங்காலம் 6.30க்கு ஆரம்பித்தால் இங்கே மத்தியானம் 3.00. ஞாயிறு காலை 11.30 ஷோ என்றால் இங்கே காலை 8.00. சாப்பிட்டு முடித்து, கடையில் கூட்டம் இல்லாத அந்த மூன்று மணி எனக்கு ரொம்பத் தோதானது. தொழிலுக்குப் போகிற வீடுகளுக்கு வேறு கணக்கு. விசைப்படகுக்கு டோக்கன் கொடுக்கிற நாள் திங்கள், புதன், சனி. சனிக்கிழமை போன ஆள் ஞாயிறு காலையில் கரைக்கு வந்து, மீனை இறக்கி, குளித்துச் சாப்பிடவே நேரம் போய்விடும். என் கொழுந்தன் அப்படித்தான். அவர் வரட்டும் என்று ஞாயிறு ஷோவைப் பதிவில்தான் பார்ப்போம். "மதினி, யார் ஜெயிச்சான்னு சொல்லிப்புடாதீங்க" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம். வீட்டு ஆண்கள் கரையில் இருக்கிற காலம், நேரலையாகக் கூடிப் பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை.

நேரலை என்றால் கரண்ட் ஆபீஸின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் நெட் விட்டு விட்டு வரும். அப்போது படத்தின் தரத்தை 480க்கு இறக்கி வையுங்கள். தெளிவு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, கடைசி நிமிடத்தில் சுற்றிக்கொண்டு நின்றால்தான் மனசு ஆறாது.

பாஷை தெரியாதே என்று தயங்க வேண்டாம். எதிராளியின் தோள் இரண்டையும் மேட்டில் அழுத்திப் பிடிப்பதைப் பின் என்பார்கள், அப்போது ரெஃப்ரி அங்கேயும் ஒன், டூ, த்ரீ என்றுதான் எண்ணுவார். கை காலை மடக்கிப் பூட்டுப் போட்டுப் பிடித்தால் "கிவ் அப்?" என்று கேட்பார். பிடிபட்டவர் கயிற்றைத் தொட்டால் "பிரேக்" என்பார், அதாவது பிடியை விடு என்று. ரிங்குக்கு வெளியே போனால் அமெரிக்காவில் 10 எண்ணுவதற்குள் திரும்ப வேண்டும், ஜப்பானில் பல கம்பெனிகளில் 20. அதனால் வெளியே நடக்கிற சண்டை அங்கே நீளமாக இருக்கும். அறிவிப்பாளர் நீலக் கார்னர் ஆளை முதலில் சொல்வார், சிவப்புக் கார்னர் ஆளை அப்புறம். பெல்ட் வைத்திருக்கிற சாம்பியன் சிவப்பில் இருப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இவ்வளவு நேரம் ஆயிற்று என்று மைக்கில் சொல்வார்கள். ஒவ்வொரு மேட்சுக்கும் நேரக் கெடு உண்டு, கெடு தாண்டினால் டிரா. கடைசி நிமிடங்களில் அந்தக் குரல் வரும்போது மேட்சின் ஓட்டமே மாறுவதைக் கவனியுங்கள்.

முதல் மேட்ச்

என்னைக் கேட்டால் இதுதான் ஷோவின் அஸ்திவாரம். இதைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பெரும்பாலும் இரண்டு புதுப் பிள்ளைகள். கறுப்பு நிறத்தில் சாதா ஜட்டி, சாதா பூட்ஸ், உடம்பில் ஒரு மினுக்கு இருக்காது. பெரிய வித்தை எதுவும் செய்ய மாட்டார்கள். கழுத்தைப் பிடிப்பது, கையை முறுக்குவது, மேட்டில் தள்ளுவது, எம்பி இரண்டு காலாலும் உதைக்கிற டிராப் கிக். முடிவில் ஒருவர் மற்றவரைக் குப்புறப் போட்டு, இரண்டு காலையும் கக்கத்தில் இடுக்கி, முதுகு மேல் உட்கார்ந்து பின்னால் வளைப்பார். பாஸ்டன் கிராப் என்று பெயர். கீழே கிடக்கிற பையன் கயிற்றை நோக்கி முழங்கையால் ஊர்வான். கைக்கும் கயிற்றுக்கும் ஒரு சாண் இருக்கும்போது மறுபடி நடுவுக்கு இழுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் கூட்டம் பையன் பெயரைச் சொல்லிக் கத்தும். அவன் தோற்கப் போகிறான் என்று அவர்களுக்குத் தெரியும். எவ்வளவு நேரம் தாங்குகிறான் என்பதுதான் அவர்கள் பார்க்க வந்தது.

இங்கே கண்ணைப் பழக்க ஒரு வழி சொல்கிறேன். தூக்கிப் போடுகிறவனைப் பார்க்காதீர்கள், விழுகிறவனைப் பாருங்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, தலை தரையில் படாமல், முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழுவான். இரண்டு கையும் பக்கவாட்டில் மேட்டை அறையும். அடியை ஓர் இடத்தில் வாங்காமல் உடம்பு முழுக்கப் பரப்பிவிடுகிற வேலை அது. ரிங் என்பது இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, பலகையின் மேல் மெல்லிய மேட், அதன் மேல் இழுத்துக் கட்டிய கித்தான். மெத்தை என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் முதலில் மாதக்கணக்கில் விழுவதைத்தான் பழகுகிறார்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இதே புதுப் பிள்ளைகள் தங்கள் மேட்ச் முடிந்ததும் காணாமல் போவதில்லை. டிராக் சூட் மாட்டிக்கொண்டு ரிங் ஓரத்தில் உதவிக்கு நிற்பார்கள். ஷோவுக்கு முன்னால் ரிங்கைப் பூட்டியதும் இவர்கள்தான், முடிந்ததும் கழற்றப் போவதும் இவர்கள்தான். பெரிய வீரர்களின் பெயரை அறிவிக்கும்போது ரசிகர்கள் காகித ரிப்பன் சுருளை எறிவார்கள், வீரருக்கு ஒரு நிறம் என்று வைத்திருக்கிறார்கள். சுருளின் நடுவில் இருக்கிற கெட்டி அட்டையை முன்னாலேயே உருவி எடுத்துவிட்டு, நுனியை விரலில் பிடித்துக்கொண்டு சுருளை வீசுவார்கள். அது காற்றில் அவிழ்ந்துகொண்டே போய் ரிங் மேல் விழும். நூறு சுருள் விழுந்த ரிங்கை இந்தப் பையன்கள் மூச்சு விடுகிற நேரத்தில் இரண்டு கையாலும் வாரி, கயிற்றில் சிக்கியதை உருவி, ரிங்குக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். மணி அடிக்கும்போது ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடக்காது. சண்டை பார்வையாளர் பக்கம் போகும்போது நாற்காலிக்காரர்களை எழுப்பி விலக்கி விடுவதும் இவர்களே. ஒரு ஷோ பூராவும் இந்தப் பையன்களில் ஒருவனை மட்டும் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். வேலை எப்படிக் கற்றுக்கொள்ளப்படுகிறது என்று தெரியும்.

சிரிப்பு மேட்ச்

இரண்டாவதோ மூன்றாவதோ சிரிப்பு மேட்ச் வரும். எழுந்து டீ போடப் போய்விடாதீர்கள். டி.டி.டி.யில் யோஷிஹிகோ என்று ஓர் ஆள் உண்டு. காற்றடைத்த பொம்மை அது. கோட்டா இபுஷி என்ற வீரர் அதோடு மேட்ச் ஆடியிருக்கிறார். பொம்மை தன்னைத் தூக்கித் தலைகீழாகக் குத்துவது மாதிரி அவரே சுழன்று அவரே விழுவார். விழுகிறவனைப் பாருங்கள் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அடியை உண்டாக்குவது பாதிக்கு மேல் வாங்குகிறவன்தான் என்று பச்சைப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். அதே கம்பெனியில் ஒரு பெல்ட்டுக்கு நேரம் காலம் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பின் செய்து பறிக்கலாம். 2000ல் தொடங்கிய அந்த பெல்ட் ஆயிரம் தடவைக்கு மேல் கை மாறிவிட்டது. ஓர் ஏணியும் அதற்குச் சாம்பியனாக இருந்திருக்கிறது.

நம் கரைக்காரர்கள் தேடிப் பார்க்க வேண்டிய ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் எபெஸ்ஸான். ஒசாகா புரோ என்ற கம்பெனியில் பேர் வாங்கியவர். எபிசு என்பது ஜப்பானில் மீனவர்கள் கும்பிடுகிற சாமி, கையில் தூண்டிலும் மீனுமாகச் சிரித்த முகத்தோடு இருப்பார். அந்த முகத்தை மாஸ்க் ஆக்கிப் போட்டுக்கொண்டு வந்தவர்தான் எபெஸ்ஸான். இன்னொருவர் ஒகினாவா தீவின் குருகுன் மாஸ்க். குருகுன் என்பது அந்தத் தீவு தன் மீன் என்று அறிவித்திருக்கிற, பவளப்பாறை ஓரம் கூட்டமாகத் திரிகிற மீன். அதன் முகத்தை அணிந்துகொண்டு ஆடுகிறவர், 2013ல் ரியூக்யூ டிராகன் என்று சொந்தக் கம்பெனியும் தொடங்கினார். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அண்டர்டேக்கருக்கு அடுத்தபடியாக இவரைத்தான் பிடிக்கும்.

மாஸ்க்கைப் பற்றித் தையல்காரியாக ஒன்று சொல்ல வேண்டும். இழுபடுகிற லைக்ரா மாதிரித் துணியில்தான் தைப்பார்கள். அந்தத் துணியை நேர்த்தையலில் போட்டால் தலையில் மாட்டி இழுக்கும்போதே நூல் அறுந்துவிடும், ஜிக்ஜாக்தான் தாங்கும். சாதா ஊசி துணியில் ஓட்டை போட்டுவிடும், முனை உருண்ட ஊசி வேண்டும். கண் இருக்கிற இடத்தில் சிலர் வலைத்துணி வைப்பார்கள். பின்மண்டையில் மேலிருந்து கழுத்து வரை இரண்டு பக்கமும் ஓட்டை வைத்து நாடா கோத்து இறுக்குவார்கள். எதிராளி அந்த நாடாவில் கை வைக்கும்போது கூட்டம் கொதிப்பதைப் பாருங்கள். மாஸ்க்கை உரிப்பது என்பது அந்த ஆளையே உரிப்பது. கிரேட் சசுகே என்ற மாஸ்க் வீரர் 1990களின் தொடக்கத்தில் வடகிழக்கில் இவாத்தே என்ற பகுதியில் மிச்சினோகு புரோ என்ற கம்பெனியைத் தொடங்கினார். தலைநகரை விட்டுவிட்டுச் சொந்த ஊர்களிலேயே ஷோ நடத்துகிற கம்பெனி. 2003ல் அவர் அந்தப் பகுதியின் சட்டமன்றத்துக்குத் தேர்தலில் ஜெயித்தார். சபையிலும் மாஸ்க்கோடுதான் உட்கார்ந்தார்.

இடைவேளையில் அங்கே வீரர்கள் மேசை போட்டுப் படம் விற்பார்கள், ரசிகர்களோடு சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். சின்னக் கம்பெனிகளுக்கு அது பெரிய வருமானம். நமக்கு டீ நேரம். அந்த நேரத்தில் வயசானவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் அந்தக் காலத்து மல்யுத்த வீரர்கள் தாராசிங்–கிங்காங் கதையைக் கேளுங்கள். அந்தக் கிங்காங் 1955ல் டோக்கியோவுக்குப் போய் ரிக்கிடோசானோடு மோதியவர். ஜப்பானில் இந்த ஆட்டத்தை ஊர் ஆட்டமாக்கியவர் ரிக்கிடோசான். பஞ்சாபில் பிறந்த டைகர் ஜீத் சிங் 1970களில் வாளோடு ரிங்குக்கு வந்து அந்த ஊரையே நடுங்க வைத்த வில்லன். இதையெல்லாம் எடுத்துச் சொன்னதும் பக்கத்து வீட்டுத் தாத்தா நாற்காலியை டிவிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பெண்கள் மேட்ச், நெஞ்சில் அறைகிற மேட்ச்

பெண்கள் மேட்சை இடைச்செருகல் என்று நினைக்காதீர்கள். அங்கே பெண்களுக்கென்றே தனிக் கம்பெனிகள் உண்டு. மெய்கோ சட்டோமுரா 1995ல் பதினைந்து வயதில் களம் இறங்கியவர். செண்டாய் நகரத்தில் செண்டாய் கேர்ள்ஸ் கம்பெனியை உருவாக்கி, பிள்ளைகளைப் பழக்கி, 2025 ஏப்ரலில் கொராகுவென் ஹாலில் ஓய்வு பெற்றார். அவர் மேட்ச் ஒன்றைத் தேடிப் போடுங்கள். அநாவசியமாக ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார். என் கடையில் எம்பிராய்டரி பழக வருகிற பெண்கள் அவர் மேட்ச் ஓடும்போது ஊசியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நானும் ஒன்றும் சொல்வதில்லை.

கொராகுவென் என்றேன். டோக்கியோவில் சுய்தோபாஷி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடி. 1962ல் திறந்தது, குத்துச்சண்டைக்கும் ரெஸ்லிங்குக்கும் அதுதான் தாய்வீடு. சின்னக் கம்பெனிகள் அங்கே ஒரு ஷோ போடுவதைப் பெருமையாக நினைக்கும். ஒரு பக்கம் இருக்கைகள் செங்குத்தாக ஏறிப் போகும், மேலே பால்கனியில் நின்று பார்க்கிறவர்கள் இருப்பார்கள். அங்கே நடந்த ஷோவைப் போட்டால் சத்தத்தை நன்றாகக் கூட்டி வையுங்கள். பூட்டுப் பிடிக்கிற நேரத்தில் கூட்டம் வாய் திறக்காமல் பார்க்கும், ஒரு நல்ல விடுவிப்புக்குக் கை தட்டும். பின் செய்து ரெஃப்ரியின் கை மூன்றாவது தடவை மேட்டில் படப்போகிற நேரத்தில் தோள் எழும்பினால், அத்தனை பேரும் காலால் தரையை மிதிப்பார்கள். ஹால் அதிர்வது ஸ்பீக்கரில் கேட்கும்.

அந்தச் சத்தத்துக்குத் தோதான ஆள் டைசுகே செகிமோட்டோ. 1995ல் தொடங்கிய பிக் ஜப்பான் கம்பெனியில் வளர்ந்தவர். கட்டையான குள்ள உடம்பு, தொடை ஒவ்வொன்றும் ஒரு தூண். அவரும் யூஜி ஒகபயாஷியும் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி நெஞ்சில் அறைந்துகொள்கிற மேட்ச்களைப் பாருங்கள். அறை வாங்கப் போகிறவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெஞ்சை முன்னால் தள்ளுவார். முதல் அறையில் விரல் தடம் வெள்ளையாகத் தெரியும், பிறகு சிவக்கும். பத்து அறைக்கு மேல் நெஞ்சு பூராவும் ஒரே சிவப்பாகிச் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் எழும்பும். இங்கே கொழுந்தன் ஒரு தடவை கேட்டார்: "இதுல என்ன மதினி பொய்?" சரியான கேள்விதான்.

டியூப் லைட் மேட்ச்

சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைப் போடாதீர்கள். கார்டில் டெத்மேட்ச் என்று, அதாவது டியூப் லைட், முள்கம்பி மாதிரி சாமான்களை வைத்து ஆடுகிற மேட்ச், இருந்தால் அந்த மேட்சுக்கு முன்னால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். நான் அதில் கண்டிப்பு. இங்கே திருவிழாவுக்கும் கபடிக்கும் கட்டிய பழைய டியூப் லைட் மூலைக்கு மூலை கிடக்கிறது. உடைந்தால் கண்ணாடி மட்டும் இல்லை, உள்ளே பாதரசமும் இருக்கிறது. யாரும் கையில் எடுத்துப் பார்க்கக்கூடாது என்று பெரிய பையன்களிடமும் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.

இது எப்படி வந்தது என்று தெரிந்தால் பார்க்கிற பார்வை மாறும். அட்சுஷி ஒனிடா முழங்கால் நொறுங்கி ரிங்கை விட்டுப் போனவர். 1989ல் எஃப்.எம்.டபிள்யூ. என்று சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார். கையில் இருந்தது ஐம்பதாயிரம் யென் என்று சொல்வார்கள். பெரிய கம்பெனிகளிடம் இருந்த ஆள் பலமோ டிவியோ அவரிடம் இல்லை. அவர்கள் செய்யாததைச் செய்தார். 1990 ஆகஸ்ட் 4ல் டோக்கியோவின் ஷியோதோமே திடலில் கயிற்றுக்குப் பதில் முள்கம்பி கட்டி, தொட்டால் வெடிக்கிற மாதிரி வைத்து, டார்சான் கோட்டோ என்ற வீரரோடு மோதினார். சின்னக் கம்பெனிகள் என்று இன்றைக்கு நாம் பார்க்கிற கூட்டமே ஒனிடா திறந்த கதவு வழியாக வந்ததுதான். பிக் ஜப்பான் அந்த வழியில் டியூப் லைட்டைத் தன் அடையாளமாக ஆக்கிக்கொண்டது.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியது உடைகிற நேரத்தை அல்ல, உடைவதற்கு முன்னால் இருக்கிற நேரத்தை. கயிற்றில் வரிசையாகக் கட்டிய லைட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் ஒருவர் கால் ஊன்றித் தடுத்து நிற்பார். முன்வரிசை ரசிகர்கள் பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்கள். ஜுன் கசாய் என்ற ஆளின் முதுகைப் பார்த்தால் தழும்பு இல்லாத இடம் தேட வேண்டும். 2009 நவம்பர் 20ல் யோகோஹாமாவில் அவரும் ரியூஜி இட்டோவும் ஆடிய மேட்சை டோக்கியோ ஸ்போர்ட்ஸ் பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த மேட்ச் என்று தேர்ந்தெடுத்தது. ரத்தத்துக்காகக் கொடுத்த பரிசு இல்லை அது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோகிறார்கள் என்பது முழுசாகப் பார்த்தால் தெரியும். பிடிக்காதவர்கள் இருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தாண்டிப் போய் மெயின் மேட்சுக்கு வந்துவிடுங்கள்.

இந்த மேட்சுக்கு ஆயுசும் அதிகம் இல்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற மினமாட்டா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாடுகள், 2027 கடைசியோடு டியூப் லைட் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்துவதாக 2023ல் முடிவு செய்துவிட்டன. மினமாட்டா ஜப்பானின் தெற்கே ஒரு கடற்கரை ஊர். தொழிற்சாலைக் கழிவில் வந்த பாதரசம் மீனில் ஏறி, அந்த மீனைச் சாப்பிட்ட மீனவக் குடும்பங்களின் நரம்பை முடக்கியது. 1956ல்தான் அந்த நோயை அரசு பதிவு செய்தது. மீனை நம்பி இருக்கிற நாம் அந்த ஊர்ப் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு விளையாட்டு நின்றுபோவதற்கு அது போதுமான காரணம்தான்.

மெயின் மேட்சும் அதற்கு அப்புறமும்

பெல்ட் மேட்ச் என்றால் மணி அடிப்பதற்கு முன் சடங்கு உண்டு. அறிக்கை ஒன்றை வாசிப்பார்கள், சாம்பியன் பெல்ட்டைத் திருப்பிக் கொடுப்பார், பூச்செண்டு கொடுப்பார்கள், எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஓட்டிவிடாதீர்கள். இருபது இருபத்தைந்து நிமிடத்துக்குக் குறையாத மேட்ச் வரப்போகிறது, உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ள உங்களுக்கும் நேரம் வேண்டும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காதது மாதிரி இருக்கும். ஒருவர் எதிராளியின் முழங்காலையே திரும்பத் திரும்பத் தாக்குவார். இருபதாவது நிமிடத்தில் அதே கால் மடங்கித் தூக்க முடியாமல் போகும்போதுதான் அந்தப் பத்து நிமிடத்தின் விலை தெரியும். முதல் மேட்சில் பார்த்த அதே கைமுறுக்கு, அதே பாஸ்டன் கிராப் இங்கேயும் வரும். அங்கே பையனால் விடுபட முடியாததை இங்கே சாம்பியன் எப்படி விடுவித்துக்கொள்கிறார் என்று பாருங்கள்.

ஜெயித்த கையோடு டிவியை அணைக்க வேண்டாம். ஜெயித்தவர் மைக் பிடித்து, மூச்சு இரைக்க இரைக்கப் பேசுவார். இன்னொருவர் வந்து அடுத்தது நான்தான் என்று நிற்பார். அடுத்த பெரிய ஷோவின் விதை அங்கேதான் விழுகிறது. சோக்கோப்ரோவில் மொத்தப் பேரும் கூடி, கல், கத்தரிக்கோல், காகிதம் கைவிளையாட்டு ஆடித்தான் முடிப்பார்கள். எங்கள் கடையில் பிள்ளைகளும் டிவி முன்னால் நின்று கூடவே கை நீட்டுவார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். முதல் மேட்சில் தோற்ற பிள்ளையின் பெயரை எங்காவது எழுதி வையுங்கள். நான் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன், பக்கத்தில் தேதியும் கம்பெனி பெயரும். அடுத்த மாதக் கார்டு வந்ததும் அந்தப் பெயர் எத்தனையாவது மேட்சில் இருக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது நான்காவதுக்கு ஏறியிருந்தாலோ, பெரிய ஆளோடு டேக் சேர்த்திருந்தாலோ, அந்த ஷோவை மட்டும் பதிவுக்கு விடாதீர்கள். மூன்று மணிக்கு நேரலையாகவே போட்டுவிடுங்கள்.